ஷாமுவின் கதை – ஒரு குடும்பச் சுற்றுலாவின் வரவு செலவு

விடுமுறை நாள். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். காலையிலேயே கிளம்பி வந்து வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியாகிவிட்டது. பெரிய நீச்சல்குளம் மாதிரி ஒரு தொட்டி, சுற்றிலும் அரைவட்டமாக ஆயிரக்கணக்கான இருக்கைகள். முன்வரிசைகளில் 'இங்கே உட்கார்ந்தால் நனைவீர்கள்' என்று எழுதியே வைத்திருப்பார்கள். குழந்தைகள் அங்கேதான் உட்காருவோம் என்று அடம் பிடிக்கும். இசை தொடங்கும். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய உருவம் தண்ணீரிலிருந்து எழும்பி, அந்தரத்தில் ஒரு நொடி நின்று, 'தொபுக்கடீர்' என்று விழும். முன்வரிசை முழுக்க தொப்பலாக நனையும். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த உருவத்தின் பெயர் 'ஷாமு'.

அமெரிக்காவின் 'சீ வேர்ல்ட்' பூங்காக்களில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த காட்சி இது. ஒரு சின்ன விஷயம் மட்டும் பார்வையாளர்கள் பலருக்குத் தெரியாது. உண்மையான ஷாமு 1971-லேயே செத்துப் போய்விட்டது!

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வேறு வேறு திமிங்கிலங்கள். பெயர் மட்டும் அதே பெயர். நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் எல்லாச் சொத்துக்கும் தேய்மானம் உண்டு. அந்தப் பெயருக்கு மட்டும் தேய்மானம் இல்லை. அந்தப் பெயர் எப்படி உருவானது, எப்படி வளர்ந்தது, கடைசியில் எப்படிச் சரிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஷாமுவுக்கு முன்னால்

ஓர்க்கா எனப்படும் இந்த விலங்கை 'கொலைகாரத் திமிங்கிலம்' என்பார்கள். உண்மையில் இது டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்திலேயே மிகப் பெரியது. 1960-களின் தொடக்கம் வரை இதைப் பார்த்தால் மனிதர்களுக்குப் பயம்தான். சால்மன் மீனைத் தின்று தீர்க்கிறது என்று மீனவர்களுக்குக் கோபம் வேறு. துப்பாக்கியால் சுடுவது சாதாரணமாக இருந்தது. 1961-ல் கனடா அரசின் மீன்வளத்துறை, பிரிட்டிஷ் கொலம்பியாவில் கேம்ப்பெல் ரிவர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர்க்காக்களைச் சுடுவதற்காகவே ஒரு இயந்திரத் துப்பாக்கியை நிறுவியது! (அது சுடப்படவே இல்லை என்பது ஆறுதல்.)

1964-ல் வான்கூவர் மீன்காட்சியகம் ஒரு ஓர்க்கா சிலை செய்ய நினைத்தது. மாதிரிக்கு ஒரு ஓர்க்காவைக் கொன்று கொண்டு வரும்படி ஒரு சிற்பியை அனுப்பினார்கள். அவர் ஈட்டி எறிந்தார். அடிபட்டது, ஆனால் சாகவில்லை. சரி என்று கயிறு கட்டி நாய்க்குட்டி மாதிரி துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள். 'மோபி டால்' என்று பெயர் வைத்தார்கள். மூன்று மாதம்கூட முழுதாக வாழவில்லை. ஆனால் அந்தக் குறுகிய காலத்தில் மக்கள் ஒன்றைக் கவனித்தார்கள். இந்தக் 'கொலைகாரன்' யாரையும் கடிக்கவில்லை. மனிதர் கையிலிருந்து மீனை வாங்கித் தின்றது. பயம் போய் ஆசை வந்தது. ஆசை வந்த இடத்தில் வியாபாரமும் வந்துவிடும் அல்லவா?

நாலு நண்பர்கள், ஒரு பூங்கா

அதே 1964-ம் ஆண்டு மார்ச் 21-ம் தேதி கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரில் சீ வேர்ல்ட் திறக்கப்பட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் படித்த நாலு நண்பர்கள் தொடங்கியது. முதலில் அவர்கள் நினைத்தது பூங்கா அல்ல, தண்ணீருக்கு அடியில் ஒரு உணவகம்! அது தொழில்நுட்ப ரீதியாகச் சரிப்படாது என்று தெரிந்ததும் திட்டத்தை மாற்றினார்கள். 15 லட்சம் டாலர் முதலீடு, 45 ஊழியர்கள், சில டால்பின்கள், சில கடற்சிங்கங்கள். முதல் ஆண்டிலேயே நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

டால்பின் காட்சி என்பது அப்போதே புதிதல்ல. ஃபுளோரிடாவில் 1938-லேயே 'மரைன்லாண்ட்' வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் 1954-ல் இன்னொரு மரைன்லாண்ட் வந்தது. பக்கத்துக் கடையில் இருப்பதே நம் கடையிலும் இருந்தால் வாடிக்கையாளர் ஏன் நம்மிடம் வர வேண்டும்? சீ வேர்ல்டுக்கு வேறு யாரிடமும் இல்லாத ஒன்று தேவைப்பட்டது.

அது சியாட்டில் நகரத்திலிருந்து வந்தது. அங்கே டெட் கிரிஃபின் என்பவர் ஒரு மீன்காட்சியகம் நடத்தி வந்தார். 1965-ல் நாமு என்ற ஊரில் மீனவர் வலையில் ஒரு ஆண் ஓர்க்கா சிக்கியதாகத் தெரிந்ததும் 8,000 டாலர் கொடுத்து வாங்கினார். மிதக்கும் கூண்டில் வைத்து கடல் வழியாகவே சியாட்டிலுக்கு இழுத்து வந்தார். ஊர் பெயரையே அதற்கு வைத்தார். கூட்டம் அலைமோதியது. நாமுவுக்கு ஒரு துணை வேண்டும் என்று அதே ஆண்டு அக்டோபரில் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் ஒரு பெண் குட்டியைப் பிடித்தார்கள். அந்த வேட்டையில் குட்டியின் தாய் ஈட்டியால் அடிபட்டுச் செத்தது. அந்தக் குட்டிதான் ஷாமு.

நாமுவுக்கும் ஷாமுவுக்கும் ஒத்துப்போகவில்லை. ஷாமு சான் டியாகோவுக்கு விற்கப்பட்டது. டிசம்பர் 1965-ல் விமானத்தில் வந்து இறங்கியது. நாமு அடுத்த ஆண்டே இறந்தது. ஷாமு ஆறு ஆண்டுகள் கூட தாக்குப்பிடிக்கவில்லை. சுதந்திரமாகக் கடலில் இருக்கும் ஒரு பெண் ஓர்க்கா சராசரியாக ஐம்பது ஆண்டுகள், சில நேரம் எண்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

ஆனால் அந்த ஆறு ஆண்டுகளுக்குள் ஷாமு என்ற பெயர் பொம்மையாக, பனியனாக, விளம்பரமாக அமெரிக்கக் குழந்தைகள் மனதில் பதிந்துவிட்டது. அதனால் அடுத்து வந்த திமிங்கிலத்துக்கும் அதே பெயர். அதற்கடுத்ததற்கும் அதே. 1970-ல் ஒஹாயோவிலும் 1973-ல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவிலும் 1988-ல் டெக்ஸாஸின் சான் அன்டோனியோவிலும் பூங்காக்கள் திறந்தபோது ஒரே நேரத்தில் பல ஊர்களில் பல ஷாமுக்கள்!

பிடிப்பு

இத்தனை பூங்காவுக்குத் திமிங்கிலம் எங்கிருந்து வரும்? கடலிலிருந்துதான்.

1970 ஆகஸ்ட் 8. வாஷிங்டன் மாநிலத்தில் பென் கோவ் என்ற விரிகுடா. கிரிஃபினும் அவருடைய கூட்டாளி டான் கோல்ட்ஸ்பெரியும் படகுகள், விமானம், வெடிகள் எல்லாம் வைத்து சுமார் 80 ஓர்க்காக்களை அந்த விரிகுடாவுக்குள் விரட்டினார்கள். வேண்டியது குட்டிகள் மட்டும். பெரியவற்றை லாரியில் ஏற்றவும் முடியாது, பழக்குவதும் கஷ்டம். வலை போட்டு குட்டிகளைத் தாய்களிடமிருந்து பிரித்தார்கள். வலைக்கு வெளியே விடப்பட்ட பெரியவை ஓடிப்போயிருக்கலாம். போகவில்லை. அங்கேயே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன.

ஏழு குட்டிகள் விற்பனைக்குப் போயின. நாலு குட்டிகளும் ஒரு பெரிய திமிங்கிலமும் வலையில் சிக்கி மூழ்கி இறந்தன. விஷயம் வெளியே தெரியக்கூடாதே! இறந்த குட்டிகளின் வயிற்றைக் கிழித்து, கல்லைப் போட்டு நிரப்பி, கடலில் அமிழ்த்தினார்கள். சில மாதம் கழித்து உடல்கள் வெளியே வந்தன. செய்தியும் வெளியே வந்தது. 1972-ல் அமெரிக்காவில் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்திலும் 'காட்சிக்காக' அனுமதி பெற்றுப் பிடிக்க வழி இருந்தது.

அந்த வழி வாஷிங்டன் மாநிலத்தில் அடைபட்டது எப்படி தெரியுமா? அதுவும் ஒரு விடுமுறை நாள் கதைதான். 1976 மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, ஆளுநரின் உதவியாளரான ரால்ஃப் மன்றோ மனைவியோடு ஒலிம்பியா நகருக்கு அருகே பட் இன்லெட் என்ற இடத்தில் பாய்மரப் படகில் போய்க்கொண்டிருந்தார். கண்ணெதிரே சீ வேர்ல்டுக்காக ஒரு ஓர்க்கா வேட்டை. விமானம் தாழப் பறக்கிறது, வெடிகள் வீசப்படுகின்றன, ஓர்க்காக்கள் அலறுகின்றன. பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. மாநில அரசு வழக்குத் தொடுத்தது. பிடித்தவற்றை விட்டுவிடுகிறோம், இனி இந்த மாநிலத்துக் கடலில் பிடிக்க மாட்டோம் என்று சீ வேர்ல்ட் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதற்குள் அந்தப் பகுதியின் ஓர்க்கா கூட்டத்திலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவை பறிபோயிருந்தன. பெரும்பாலும் குட்டிகள். ஒரு தலைமுறையே காணாமல் போன மாதிரி. அந்தக் கூட்டம் 2005-ல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. சால்மன் மீன் குறைந்ததும், கடல் மாசும், கப்பல் இரைச்சலும் பிற காரணங்கள். என்றாலும் முதல் அடி அந்த வலைதான்.

கைமாறிய கணக்கு

வாஷிங்டன் இல்லையென்றால் ஐஸ்லாந்து. வேட்டை அங்கே இடம் மாறியது. அதற்குள் பூங்காவும் கைமாறியது. 1976-ல் சீ வேர்ல்டை வாங்கியது ஹார்கோர்ட் பிரேஸ் ஜொவனோவிச் என்ற புத்தக நிறுவனம். ஆம், பாடப்புத்தகம் போடும் நிறுவனம்! 1987-ல் ராபர்ட் மாக்ஸ்வெல் அந்த நிறுவனத்தையே வளைத்துப் போட முயன்றார். தப்பிக்க அது பெரும் கடன் வாங்கியது. கடனை அடைக்க 1989-ல் பூங்காக்களை ஆன்ஹைசர்-புஷ் என்ற பீர் நிறுவனத்துக்கு 110 கோடி டாலருக்கு விற்றது. பிறகு 2008-ல் பீர் நிறுவனத்தையே பெல்ஜியத்தைச் சேர்ந்த இன்பெவ் வாங்கியது. அடுத்த ஆண்டு பூங்காக்கள் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு சுமார் 230 கோடி டாலருக்குக் கைமாறின.

பாடப்புத்தகம், பீர், பங்கு முதலீடு என்று முதலாளி மாறிக்கொண்டே இருந்தார். தொட்டி மாறவில்லை. ஒவ்வொரு விற்பனையிலும் இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் திமிங்கிலங்கள் இருந்தன. பொறுப்புப் பக்கத்தில் அவற்றைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தை நிரப்பத்தான் ஒரு திமிங்கிலம் வந்தது.

அதற்கு முன்னால் இன்னொரு மாற்றம். 1985 செப்டம்பரில் ஆர்லாண்டோவில் 'கலினா' பிறந்தது. தொட்டியில் பிறந்து உயிர் பிழைத்த முதல் ஓர்க்கா குட்டி. 'பேபி ஷாமு' என்று நாடே கொண்டாடியது. இனி கடலுக்குப் போக வேண்டாம், பூங்காவிலேயே உற்பத்தி செய்யலாம் என்ற வழி திறந்தது. ஆனால் ஓர்க்காக்களில் சில கூட்டங்களில் குட்டிகள் வளர்ந்த பிறகும் ஆயுள் முழுக்க தாயோடுதான் இருக்கும், ஆண்களும்தான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பேச்சு வழக்கே உண்டு. கலினாவை நாலு வயதில் தாயிடமிருந்து பிரித்து வேறு பூங்காவுக்கு அனுப்பினார்கள். குடும்பங்கள் சேர்ந்து வந்து மகிழ்வதற்காக, ஒரு குடும்பம் பிரிக்கப்பட்டது.

டிலிக்கும்

1983 நவம்பரில் ஐஸ்லாந்து கடலில் சுமார் இரண்டு வயதான ஆண் குட்டி ஒன்று பிடிபட்டது. அதன் பெயர் டிலிக்கும். கனடாவின் விக்டோரியா நகருக்கு அருகே 'சீலாண்ட்' என்ற சிறிய காட்சியகத்துக்குப் போனது. அங்கே ஏற்கெனவே இரண்டு பெண் ஓர்க்காக்கள் இருந்தன. இரவானால் மூன்றையும் ஒரு சின்ன இருட்டு உலோக அறைக்குள் அடைப்பார்கள். நகர இடமில்லை. பெரியவை இரண்டும் டிலிக்குமைக் கடித்துக் கீறின.

1991 பிப்ரவரி 20-ம் தேதி கெல்ட்டி பைர்ன் என்ற இளம் பயிற்சியாளர் கால் தவறித் தொட்டியில் விழுந்தார். மூன்று ஓர்க்காக்களும் அவரை மேலே வரவிடவில்லை. அவர் இறந்தார். சீலாண்ட் மூடப்பட்டது. டிலிக்கும் எங்கே போனது? 1992 ஜனவரியில் ஆர்லாண்டோ சீ வேர்ல்டுக்கு! இனப்பெருக்கத்துக்கு ஒரு ஆண் ஓர்க்கா தேவைப்பட்டது. டிலிக்கும் 21 குட்டிகளுக்குத் தந்தையானது.

1999-ல் இரவில் பூங்காவுக்குள் ஒளிந்திருந்த ஒருவர் காலையில் டிலிக்குமின் முதுகில் பிணமாகக் கிடந்தார். 2010 பிப்ரவரி 24-ம் தேதி டான் பிராஞ்சோ. நாற்பது வயது, மிகவும் அனுபவம் வாய்ந்த பயிற்சியாளர். தொட்டி ஓரத்தில் குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே காட்சி பார்க்கும் 'ஷாமுவோடு உணவு' நிகழ்ச்சி அப்போதுதான் முடிந்திருந்தது. டிலிக்கும் அவரை உள்ளே இழுத்தது. பார்வையாளர்களில் சிலர் இன்னும் எழுந்துகூடப் போகவில்லை.

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை வழக்குப் போட்டது. விதித்த அபராதம் 75,000 டாலர். அதுவும் பிறகு 12,000 டாலராகக் குறைந்தது. தொகை ஒன்றும் பெரிதல்ல. ஆனால் காட்சியின்போது பயிற்சியாளர் திமிங்கிலத்தோடு தண்ணீரில் இறங்கக்கூடாது என்ற நிபந்தனைதான் பெரிது. நிறுவனம் மேல்முறையீடு செய்து 2014-ல் அங்கேயும் தோற்றது. திமிங்கிலத்தின் மூக்கில் நின்று மனிதர் பறக்கும் அந்தக் காட்சி அத்தோடு முடிந்தது.

வாடிக்கையாளர் விழித்தபோது

2013 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் 'பிளாக்ஃபிஷ்' என்ற ஆவணப்படம் வந்தது. இயக்கியவர் கேப்ரியேலா கௌபர்த்வெயிட். டிலிக்குமின் கதைதான் படம். முன்னாள் பயிற்சியாளர்கள் பேசினார்கள். பென் கோவ் வேட்டையில் பங்கெடுத்த ஒருவரும் பேசினார், வயதான காலத்தில், கண் கலங்கியபடி.

வேடிக்கை என்னவென்றால் அதே 2013 ஏப்ரலில்தான் சீ வேர்ல்ட் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 27 டாலர். அக்டோபரில் சி.என்.என். தொலைக்காட்சி படத்தை ஒளிபரப்பியது. லட்சக்கணக்கான வீடுகளின் வரவேற்பறையில், அதே அப்பா அம்மா குழந்தைகள் பார்த்தார்கள். பாட ஒப்புக்கொண்டிருந்த இசைக்கலைஞர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். விமானத்தின் மேலேயே ஷாமு படம் வரைந்து பறந்த சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 26 ஆண்டு கூட்டை 2014-ல் முறித்துக்கொண்டது.

நிறுவனம் முதலில் 'படத்தால் எங்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை' என்றது. 2014 ஆகஸ்டில் வேறு வழியில்லாமல் கூட்டம் குறைந்ததற்கு இந்த விவகாரமும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டது. அன்று ஒரே நாளில் பங்கு விலை 33 சதவீதம் விழுந்தது! முதலீட்டாளர்களிடம் உண்மையை மறைத்ததாக வந்த குற்றச்சாட்டில் 2018-ல் நிறுவனமும் அதன் முன்னாள் தலைமை நிர்வாகியும் 50 லட்சம் டாலருக்கும் மேல் கட்டி அரசோடு சமரசம் செய்துகொண்டனர். முதலீட்டாளர்கள் போட்ட இன்னொரு வழக்கில் 2020-ல் 6.5 கோடி டாலருக்குச் சமரசம்.

ஒரு மனித உயிருக்கு 12,000 டாலர், பங்குதாரர் நஷ்டத்துக்கு 6.5 கோடி. வணிகவியல் படிப்பவர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

2016 மார்ச் 17-ம் தேதி சீ வேர்ல்ட் அறிவித்தது: இனி ஓர்க்காக்களை இனப்பெருக்கம் செய்ய மாட்டோம், இருப்பவையே கடைசித் தலைமுறை. அதே ஆண்டு கலிஃபோர்னியா அதைச் சட்டமாகவே ஆக்கியது. 2017 ஜனவரியில் டிலிக்கும் இறந்தது. பூங்கா திவாலாகிவிட்டதா? இல்லை. ரோலர் கோஸ்டர்கள் அதிகமாயின. 2022-ல் நிறுவனத்தின் வருமானம் 173 கோடி டாலர், அதுவரை இல்லாத அளவு. ஓர்க்கா இனப்பெருக்கம் இல்லாவிட்டால் தொழிலே நடக்காது என்ற வாதம் பொய் என்று நிறுவனத்தின் ஆண்டறிக்கையே காட்டிவிட்டது. 2024-ல் தாய் நிறுவனம் தன் பெயரைக்கூட 'யுனைட்டட் பார்க்ஸ் அண்ட் ரிசார்ட்ஸ்' என்று மாற்றிக்கொண்டது.

நம் ஊரிலும்...

இது ஏதோ அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. சென்னைக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த 'டால்பின் சிட்டி' சிலருக்கு நினைவிருக்கலாம். 1998-ல் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டு வந்தார்கள். ஆறு மாதத்துக்குள் எல்லாம் இறந்துவிட்டன. பின்னாளில் கேரளாவிலும் வேறு மாநிலங்களிலும் டால்பின் பூங்கா திட்டங்கள் கிளம்பின. 2013 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நாட்டில் எங்கேயும் டால்பின் காட்சியகத்துக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் நாம் அமெரிக்காவுக்கு முன்னால் நிற்கிறோம்.

யாருக்குக் கடன்?

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்த மனிதனை ஓர்க்காவை நேசிக்க வைத்தது அந்தப் பூங்காக்கள்தான். முன்வரிசையில் நனைந்த குழந்தைகள்தான் வளர்ந்து, படத்தைப் பார்த்து, 'ஐயோ, இதற்கா கைதட்டினோம்?' என்று கேட்டார்கள். வேட்டை நின்றது ஒரு தம்பதி படகிலிருந்து நேரில் பார்த்ததால். இனப்பெருக்கம் நின்றது பல லட்சம் குடும்பங்கள் வீட்டிலிருந்து பார்த்ததால். கைதட்டியதும் அவர்களே, நிறுத்தியதும் அவர்களே. ஷாமுவின் பெயர் வரவுப் பக்கம். ஷாமுவின் தாய் செலவுப் பக்கம். இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் பார்க்க மக்களுக்கு ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

பென் கோவில் பிடிபட்ட ஏழு குட்டிகளில் ஒன்று டோக்கிடே. மியாமி மீன்காட்சியகத்தில் 'லோலிடா' என்ற பெயரில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் ஒரு சின்னத் தொட்டியில் இருந்தது. பிறந்த கடலுக்கே திருப்பி அனுப்பலாம் என்று கடைசியில் திட்டமெல்லாம் தயாரானது. அதற்குள் 2023 ஆகஸ்ட் 18-ம் தேதி இறந்துவிட்டது. அந்தக் கடலோரத்தின் பூர்வகுடிகளான லம்மி மக்கள் ஓர்க்காவைத் தங்கள் உறவாகவே கருதுபவர்கள். அவர்கள் அதன் சாம்பலை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் ஒருவர் இறந்தால் செய்வது போலவே சடங்கு செய்து, அது பிறந்த கடலில் கரைத்தார்கள்.

டோக்கிடே ஊருக்குத் திரும்பியது. சாம்பலாக.